அந்தப் புள்ளி யார்?

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், மருத்துவச் சங்கங்களின் கூட்டம் நடந்த சிகாகோ நகர விடுதி ஒன்றின் கூடத்தில், என் ஆய்வை விளக்கும் போஸ்டருக்கு அருகே நின்றுகொண்டிருந்தேன். சிறுநீரகத் துறையில் மேற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, திடீரெனச் சிறுநீரகம் பழுதடைந்த 41 நோயாளிகளிடமிருந்து சிறுநீர் மாதிரிகளைச் சேகரித்து, அதில் காணப்படும் ஒரு புரதத்தின் அளவைக் கொண்டு யாருடைய சிறுநீரகம் மீளும், யாருடையது மீளாது என்று முன்கூட்டியே சொல்ல இயலுமா என்று பார்த்திருந்தேன். போஸ்டரின் நடுவில் ஒரு வரைபடம், அதில் 41 புள்ளிகள். நாற்பது புள்ளிகள் ஒரு சாய்வான கோட்டை ஒட்டி ஏறக்குறைய ஒழுங்காக இருக்க, ஒன்று மட்டும் வலப்பக்க மேல் மூலையில் தனியாக நின்றது.

அன்று மாலை முதலில் வந்தவர் ஆய்வுக்கூட விஞ்ஞானி. புரதத்தை அளக்க எந்த நிறுவனத்தின் எதிர்ப்பொருளை (antibody) பயன்படுத்தினேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் முழுநேர மருத்துவர். இந்தப் பரிசோதனை எப்போது வார்டுக்கு வரும் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை என்றதும் புன்னகைத்துவிட்டு நகர்ந்தார். மூன்றாவதாக வந்த முதியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வரைபடத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், அந்தத் தனித்த புள்ளியின் மீது விரலை வைத்து, "இந்தப் புள்ளி யார்?" என்று கேட்டார். அது கோட்டுக்குப் புறம்பான அளவு, அதை விலக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் முடிவு மாறவில்லை என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த விடையைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "அதைக் கேட்கவில்லை. இது யார்? எந்தக் கட்டிலில் இருந்தார்? ஏன் மீண்டார்?" என்றார்.

எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. ஊர் திரும்பியதும் அந்த நோயாளியின் கோப்பை முழுவதுமாகப் படித்தேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். புரதத்தின் அளவு மிக அதிகம், ஆகவே அவருடைய சிறுநீரகம் மீண்டிருக்கக் கூடாது, ஆனால் மூன்று வாரங்களில் ஏறக்குறைய முழுமையாக மீண்டிருந்தது. மருந்துப் பட்டியலைத் தேதிவாரியாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. வயிற்றெரிச்சலுக்காக அவர் பல மாதங்களாக விழுங்கிவந்த ஒமெப்ரசோல் மாத்திரையை, வேறு ஏதோ காரணத்துக்காக, நான் மாதிரி எடுத்த மறுநாள் யாரோ நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு இருந்தது மற்ற நாற்பது பேருக்கும் இருந்த நோயே அன்று, மருந்து ஒவ்வாமையால் சிறுநீரகத் திசுவில் உண்டாகும் அழற்சி. மருந்தை நிறுத்தினால் ஆறக்கூடியது, நிறுத்தாவிட்டால் நிரந்தரமாகத் தழும்பேறக்கூடியது. அடுத்த பத்தாண்டுகள் நான் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்து கிளைத்ததுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு குறிப்பிட்ட வகை மருத்துவர். வார்டில் நோயாளியைப் பார்ப்பதும், அங்கே எழும் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதும், கிடைத்த விடையை மீண்டும் கட்டிலருகே கொண்டுவந்து சோதிப்பதுமாக இரண்டு வேலைகளையும் ஒரே ஆளாகச் செய்பவர். தமிழில் இவர்களுக்கு நிலைபெற்ற பெயர் இல்லை, இக்கட்டுரையில் ஆய்வு மருத்துவர் என்று குறிப்பிடுகிறேன். அவரும் நானும் ஒரே கூடத்தில் நிற்க நேர்ந்தது தற்செயல் அன்று. அப்படிப்பட்ட சந்திப்பு நிகழவேண்டும் என்பதற்காகவே நூறாண்டுகளுக்கு மேலாகச் சிலர் சங்கம் வைத்து நடத்தி வந்திருக்கிறார்கள். ஆய்வு மருத்துவர்களை வளர்க்கும் சங்கங்கள் தரும் விருதுகளைவிட, இளையவர் ஒருவருக்கு அவை பெற்றுத்தரும் நேரமும் கேட்கும் செவிகளும்தான் பெரிது என்பது என் துணிபு. அந்தச் சங்கங்களின் வரலாற்றில் எனக்கு இருக்கும் ஈடுபாடும் அதனால்தான்.

அமெரிக்க மருத்துவர் சங்கம் என்று தமிழாக்கக்கூடிய பழைய அமைப்பு ஒன்று 1885ஆம் ஆண்டு ஏழு மருத்துவர்களால் தொடங்கப்பட்டது. வில்லியம் ஆஸ்லர் அவர்களுள் ஒருவர். அந்தக் காலத்து மருத்துவர் அமைப்புகள் பெரும்பாலும் கட்டணம், பதவி, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. 1886இல் நடந்த முதல் கூட்டத்தில் தலைவர் பிரான்சிஸ் டெலஃபீல்டு பேசியதன் சாரம் இதுதான்: யார் பொறுப்பாளர், யார் இல்லை என்பதைப் பற்றி எவரும் கவலைப்படாத ஒரு சங்கம் வேண்டும், ஒருவர் எந்தப் பகுதியிலிருந்து வந்தார் என்று கேளாமல், நல்ல வேலை செய்திருக்கிறாரா, இன்னும் செய்வாரா, கேட்கத்தக்கதாகச் சொல்ல அவரிடம் ஏதேனும் உண்டா என்று மட்டும் கேட்கும் சங்கமாக அது இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு அந்நிய மண்ணில் நின்றவள் என்ற முறையில், இந்த வாக்கியத்தை முதன்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்தச் சங்கத்தின் மேடையில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1922ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, வாஷிங்டனில் கூடிய அதன் ஆண்டுக் கூட்டத்தில் டொரான்டோவின் ஜான் மெக்ளவுட் கணையச் சாற்றைப் பற்றிய அறிக்கையைப் படித்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஊசியாகப் போடப்பட்டிருந்தது. இன்சுலின் என்ற பெயரை மருத்துவ உலகம் கேட்டது அந்தக் கூட்டத்தில்தான். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில், பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் மைனட் என்ற இரத்தநோய் மருத்துவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்திருந்தது. பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டில் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1923இல் இன்சுலின் அவருக்குக் கிடைத்தது. 1926ஆம் ஆண்டு மே மாதம் அதே சங்கத்தின் கூட்டத்தில் அதே மைனட், வில்லியம் மர்ஃபியுடன் சேர்ந்து, உயிர்க்கொல்லி இரத்தச்சோகை என்று அன்று கைவிடப்பட்டிருந்த நோயில் 45 பேருக்கு ஈரல் நிறைந்த உணவைக் கொடுத்து அவர்கள் தேறியதை அறிவித்தார். 1934இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மைனட் பிழைத்தது மருந்தால்தான், சங்கத்தால் அன்று. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செய்தி, நோயாளிகளைத் தினமும் பார்க்கும் மருத்துவர்களின் காதில் அவ்வளவு விரைவாக விழுந்ததற்கு அந்த மேடை ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பெரியவர்களின் சங்கத்தில் இளையவர்களுக்கு இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது, ஒருவர் விலகினால்தான் மற்றொருவர் நுழையலாம். அந்த மனக்குறையிலிருந்துதான் 1908இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டில் உதுமானியப் பேரரசில் புரட்சி நடத்திய இளந்துருக்கியர்களின் பெயர் இந்தச் சங்கத்தாருக்கு ஒட்டிக்கொண்டது, பழைய சங்கத்தார் முதிய துருக்கியர் ஆனார்கள். வயது வரம்பும் வைத்தார்கள். 45ஐத் தாண்டினால் ஓய்வுநிலை உறுப்பினராகிவிட வேண்டும். பிற்காலத்தில் அந்த வரம்பு 50 ஆக உயர்த்தப்பட்டது.

இந்த இளைஞர் சங்கத்தின் முதல் தலைவர் சாமுவேல் மெல்ட்சருக்கு அப்போது வயது 57. அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைய லிதுவேனியாவில் பிறந்து, பெர்லினில் படித்து, 1883இல் நியூயார்க் வந்தவர் அவர். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துப் பிழைப்பு நடத்திக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் பிறருடைய ஆய்வுக்கூடங்களில் இடம் கேட்டுப் பெற்றுச் சோதனைகள் செய்து வந்தார். நாம் விழுங்கும் உணவு தொண்டையிலிருந்து வயிற்றுக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது மாணவப் பருவத்திலேயே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் அவருக்கென்று நிலையான இடம் கிடைத்தபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். மூச்சுக்குழாய்க்குள் குழலைச் செலுத்திக் காற்றூதி உயிரைக் காக்கும் முறையைப் பற்றி 1909இல் அவரும் ஜான் ஆவரும் வெளியிட்ட ஆய்வு, இன்றைய மயக்கவியலின் அடித்தளங்களுள் ஒன்று. இரண்டு வேலைகளையும் ஒருவரே சுமப்பதன் வலி அவருக்குத் தெரியும். வார்டில் நடப்பதும் அறிவியலே, அதற்கென்று பயின்ற ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு நேரமும் இடமும் வேண்டும் என்று அவர் வாதிட்டதில் அந்த அனுபவம் பேசுகிறது.

1924இல் அந்தச் சங்கம் ஓர் ஆய்விதழைத் தொடங்கியது. வேதியியலாளர்களின் இதழுக்கு மிகவும் நோயாளிமயமாகவும், மருத்துவர்களின் இதழுக்கு மிகவும் வேதியியல்மயமாகவும் தோன்றிய கட்டுரைகளுக்கு அது வீடானது. இதழ் என்பது ஒரு சங்கத்துக்கு வருமானம் தரும் சொத்தும்கூட. இருந்தும் 1996இலேயே, அநேகமாக வேறெவரும் துணியாத காலத்தில், அந்த இதழை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதன் பழைய இதழ்களை நான் மதுரையில் ஒரு கணினி மையத்தில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, முதுநிலைப் படிப்பின்போது படித்திருக்கிறேன். கல்லூரி நூலகத்தில் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

காலப்போக்கில் இளந்துருக்கியரும் கதவைச் சார்த்திக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே உறுப்பினர் என்றால், தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இன்னும் ஒன்றும் செய்திராதவர் எங்கே போவார்? 1940இல் ஹார்வர்டின் ஹென்றி கிறிஸ்டியன் முன்னின்று தொடங்கிய கூட்டமைப்பு அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது. ஆய்வில் ஈடுபட்ட இளம் மருத்துவர் எவரும் சேரலாம். இவர்களைப் பொடியன்கள் என்று பொருள்படும் பெயரால் மூத்தவர்கள் அழைத்தார்கள். என் பார்வையில் மூன்று சங்கங்களிலும் மிகுந்த நன்மை செய்தது இந்தப் பொடியன்களின் சங்கம்தான். ஏனெனில், ஒருவர் விஞ்ஞானி ஆனபின் பாராட்டுவதைவிட, ஆவதற்கு முன் அவரை மேடையேற்றுவது கடினம்.

மூன்று சங்கங்களும் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் அட்லாண்டிக் சிட்டியில் அடுத்தடுத்த நாட்களில் கூடின. கடற்கரையை ஒட்டிய நீண்ட மரப்பலகை நடைபாதை, அதன் ஓரமாக விடுதிகள், உப்புக்காற்று. அரங்கில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம், அதன்பின் கேள்விகள். இருபத்தெட்டு வயது இளைஞர் பேச, அந்தத் துறையின் பாடநூலை எழுதியவர் முன்வரிசையிலிருந்து எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பார். மாலையில் அந்தப் பலகைப் பாதையில் துறைத்தலைவர்கள் இளைஞர்களோடு நடந்தபடியே வேலைவாய்ப்புகளைப் பேசி முடிப்பார்கள். அந்தக் கூட்டங்களில் பேசிய ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. பேச்சைப் பத்து நிமிடத்துக்குள் அடக்க ஒரு மாதம் ஒத்திகை பார்ப்பார்களாம். இதய மருத்துவரும் இரத்த மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒரே அரங்கில் அமர்ந்திருந்ததால், எவருக்கும் தன் துறையின் குறுமொழிக்குள் ஒளிந்துகொள்ள வழி இருக்கவில்லையாம்.

1970களின் நடுப்பகுதியோடு அட்லாண்டிக் சிட்டிக் கூட்டங்கள் முடிந்துபோயின. அதற்குள் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிச் சங்கம் உருவாகியிருந்தது. இரத்தவியல் சங்கம் தன் முதல் கூட்டத்தை 1958இல் அதே அட்லாண்டிக் சிட்டியில்தான் நடத்தியது, சிறுநீரகவியல் சங்கம் 1966இல் தோன்றியது. அறிவு பெருகப் பெருகப் பிரிவதைத் தவிர்க்க முடியாதுதான். என் துறையின் ஆண்டுக் கூட்டத்தில் நான் அடையும் பயன் கொஞ்சமன்று. ஆனாலும் அந்த ஒரே அரங்கத்தை இழந்தது உண்மையான இழப்பு என்றே நினைக்கிறேன். எனக்கு அந்தப் புள்ளியைப் பற்றிய கேள்வியைக் கேட்டவர் சிறுநீரக மருத்துவர் அல்லர், நுரையீரல் மருத்துவர். பிற உறுப்புகளிலும் மருந்தால் அழற்சி வருவதைப் பார்த்துப் பழகியவர் என்பதால்தான் அவர் கண்ணில் அது பட்டது.

அதே காலத்தில் இன்னொரு கதவும் மூடியது. வியட்நாம் போரின்போது மருத்துவர்களையும் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களில் ஆய்வுப் பயிற்சியில் சேர்ந்தால் அதையே சேவையாகக் கணக்கிட்டார்கள். மஞ்சள் தொப்பிக்காரர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட அந்த இளைஞர்களில் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன், ஹரோல்டு வார்மஸ், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் ஆகியோர் பின்னாளில் நோபெல் பரிசு பெற்றார்கள். 1973இல் கட்டாயச் சேவை முடிந்தது, ஆய்வுக்குள் இளம் மருத்துவர்களைத் தள்ளிவிட்ட விசையும் நின்றது. 1979இல் ஜேம்ஸ் வின்கார்டன் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், ஆய்வு மருத்துவர் அருகிவரும் உயிரினம் என்று எச்சரித்தார். மூன்றாண்டுகளில் அவரே அந்தத் தேசிய நிறுவனங்களுக்கு இயக்குநரானார், ஆனாலும் சரிவு நிற்கவில்லை. 1980களில் அமெரிக்க மருத்துவர்களில் நூற்றுக்கு ஐவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தார்கள். இன்று அது நூற்றுக்கு இருவருக்கும் கீழே.

காரணங்கள் எவருக்கும் தெரிந்தவையே. படிப்பு நீளம், கடன் பெரிது. நோயாளியைப் பார்த்தால் மருத்துவமனைக்கு வருவாய், மாதிரியை உறையவைத்துக் காத்திருந்தால் செலவு. ஆகவே எந்த நிறுவனத்திலும் முதலில் வெட்டப்படுவது ஆய்வுக்கென ஒதுக்கிய நேரம். இதை ஒரு தனி மருத்துவர் தன் துறைத்தலைவரோடு வாதாடி வெல்ல முடியாது. சங்கங்கள் தேவைப்படுவது இங்கேதான். பொடியன்களின் கூட்டமைப்பும் மற்றச் சங்கங்களும் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் படியேறியதன் பலனாக, 2000ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவ ஆய்வு மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. நோயாளிகளோடு நேரடியாக ஆய்வு செய்யும் இளம் மருத்துவர்களுக்கான நல்கைகளுக்கு, அதாவது ஆய்வு நிதியுதவிகளுக்கு, சட்டப் பாதுகாப்பும், அவர்களுடைய கல்விக்கடனை அரசே அடைக்கும் திட்டமும் அதில் இடம்பெற்றன. அந்த நல்கையைப் பெறுபவர் தன் வேலைநேரத்தில் நான்கில் மூன்று பங்கை ஆய்வுக்குச் செலவிட்டே தீரவேண்டும், மருத்துவமனை அதற்குக் கையெழுத்திட வேண்டும். பணத்தைவிட அந்தக் கையெழுத்துத்தான் முக்கியம். கடன் திட்டத்தில் இப்போது ஆண்டுக்கு 50,000 டாலர் வரை கிடைக்கிறது.

ஆனால் இந்த இரண்டுக்கும் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து, விசாவில் வேலை செய்யும் மருத்துவர்கள் இந்த வாசலில்தான் தடுக்கப்படுகிறார்கள். எம்.டி. முடித்துவிட்டு வந்து, இங்கே முதலிலிருந்து மீண்டும் பயிற்சி பெற்று, ஆய்வு தொடங்கும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்போம். பச்சை அட்டைக்கு இந்தியர்கள் காத்திருக்கும் காலம் எவ்வளவு என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயது வரம்பு வைத்துத் தேர்ந்தெடுக்கும் சங்கங்கள் இந்தத் தொலைந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இளமைக்கு இடம் கொடுக்கத்தான் அந்த விதி வந்தது, தாமதமாகத் தொடங்க நேர்ந்தவரை விலக்குவதற்காக அன்று.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். என் முதல் வேலையில், வாரத்தில் மூன்று நாட்கள் ஆய்வுக்கு என்று வாய்மொழியாக உறுதி கொடுத்திருந்தார்கள். ஆறு மாதங்களில் ஒருவர் விலக, அவருடைய ஓ.பி. என் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு டயாலிசிஸ் பிரிவும் சேர்ந்தது. மூன்று நாட்கள் ஒன்றாகி, அந்த ஒன்றும் பாதியாயிற்று. பேருந்து ஓட்டுநரைப் போன்ற நோயாளிகளிடமிருந்து சேகரித்த மாதிரிகள் உறைபெட்டியில் கிடந்தன. இரவு பதினொரு மணிக்கு, குழந்தை தூங்கியபிறகு, ஆய்வுக்கூடம் சென்று அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன். எண்ணுவதைத் தவிர வேறு எதற்கும் நேரம் இருந்ததில்லை. விசா காரணமாக அரசு நல்கைக்கும் விண்ணப்பிக்க இயலாது.

அப்போது சிகாகோவில் பார்த்த முதியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் இரண்டு வேலைகள் செய்தார். குடியுரிமையைக் கேட்காமல் இளையவர்களுக்கு நல்கை தரும் மருத்துவச் சங்கம் ஒன்றின் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பி, என் வரைவை மூன்று முறை சிவப்பு மையில் திருத்தினார். நல்கை கிடைத்தபின், என் நேரத்தில் பாதிக்கு மேல் ஆய்வுக்கு விடப்படும் என்ற உறுதிமொழியை மருத்துவமனை எழுத்தில் தரவேண்டும் என்று அந்தச் சங்கத்தின் குழு கேட்டது. வாய்மொழியில் கரைந்துபோனது எழுத்தில் திரும்பி வந்தது. மறுமாதமே என் ஓ.பி. நாட்கள் குறைந்தன. நான் மூன்று முறை தனியாகச் சென்று கேட்டபோது கிடைக்காதது அது. சங்கம் என்பது என்ன என்று யாராவது கேட்டால், தாளில் வந்த அந்த உறுதிமொழியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தாய்மார்களுக்கும் முதிய பெற்றோரைப் பராமரிப்பவர்களுக்கும் வேறொரு வகை உதவியும் தேவைப்படுகிறது. டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015இல் பத்து மருத்துவக் கல்லூரிகள் வழியாக, வீட்டில் பராமரிப்புச் சுமை உள்ள ஆய்வு மருத்துவர்களுக்கு உதவியாளர் வைத்துக்கொள்ளப் பணம் தரத் தொடங்கியது. அது சங்கமன்று, ஆனால் சங்கங்கள் பின்பற்ற வேண்டிய வழி.

இந்தியாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சமீரன் நந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2014 வரையான பத்தாண்டுகளில் 579 மருத்துவ நிறுவனங்களில் 332இலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரைகூட வெளிவரவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. இதைக் கொண்டு நம் மருத்துவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்கு நிரூபித்தது சென்னையில் நடந்த ஆய்வு. நம் ஊரில் ஒரு நாளில் இருநூறு பேரைப் பார்க்கும் ஓ.பி.யில் அமர்ந்திருப்பவருக்குக் கேள்விகள் தோன்றாமல் இல்லை, அவற்றை எழுதிவைக்கத்தான் நேரமில்லை.

நான் முதுநிலை மாணவியாக இருந்தபோது ஒரு மாநில மாநாட்டில் கட்டுரை படித்தேன். ஆறு நிமிடம், கடைசி நாள், மதிய உணவு நேரம். அரங்கில் இருந்தவர்கள் அடுத்துப் பேசவிருந்த இருவரும், நெறியாளரும், ஒலிபெருக்கிக்காரரும். வெளியே மருந்து நிறுவனங்களின் கடைகள் நிரம்பி வழிந்தன. கேள்வி எதுவும் வரவில்லை, சான்றிதழ் வந்தது. குறை சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆறு நிமிடத்தைப் பத்தாக்கி, முன்வரிசையில் மூன்று பெரியவர்களைக் கட்டாயமாக அமரவைக்க ஒரு சங்கத்துக்கு எந்தச் செலவும் ஆகாது என்பதற்காகவே எழுதுகிறேன். செய்து காட்டிய முன்மாதிரியும் இருக்கிறது. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களைக் கொண்டே நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, நம் நாட்டில் யார் அங்கே சேர்க்கப்படுகிறார்கள், எப்படிச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று காட்டியது. எந்தத் தனி மருத்துவமனையாலும் அதைச் செய்திருக்க முடியாது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு அடிப்படைப் பாடத்தை இன்று முதுநிலை மாணவர் எல்லோரும் இணையவழியில் முடிக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று பாடம் கற்பிக்கிறது. கேட்டபின் யாரிடம் போவது என்பதற்குத்தான் சங்கம் வேண்டும்.

இப்போது நானும் ஒரு சிறுநீரகச் சங்கத்தின் கூட்டத்துக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் குழுவில் இருக்கிறேன். இந்த முறை எனக்கு வந்தவை 38. பெயரும் ஊரும் மறைக்கப்பட்டிருக்கும், ஆயினும் ஒன்றைப் பார்த்ததும் அது எந்தப் பக்கத்து வேலை என்று ஊகித்துவிட்டேன். கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், கடிபட்ட நேரம், விஷமுறிவு மருந்து ஏற்றிய நேரம், டயாலிசிஸ் எண்ணிக்கை, எல்லாம் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை. ஆங்கிலம் தடுமாறியது, கேள்வி தடுமாறவில்லை. மற்ற இரு மதிப்பீட்டாளர்களும் உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு வாய்மொழி உரைக்கான இடமும் பயண உதவித்தொகையும் கிடைத்தன. முடிவுகள் வெளியானபின் அவரே எனக்கு எழுதினார். என் கல்லூரியில் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்தவர்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் பேசினோம். "அக்கா, ஸ்லைடு பதினாலு இருக்கு, பத்து நிமிஷத்துக்குள்ள வருமா?" என்று கேட்டார். எட்டாக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துச் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்ற அளவு ஆறு பேருக்கு இல்லாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். நான்கு பேரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டாராம், அவர்கள் வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீதி இருவரும் மலைக் கிராமத்துக்காரர்கள், கொடுத்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. விசா நேர்காணலுக்கு இன்னும் தேதி வரவில்லை. அடுத்த ஞாயிறு அவருக்குப் பணி இல்லை என்பதால், ஐஸ் பெட்டியையும் இரத்தம் எடுக்கும் குழாய்களையும் எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிப் பேருந்தில் அந்த ஊருக்குப் போகிறார்.